அண்ணன் மீது பழி. அண்ணிக்கு எந்த பென்ஷன்?

கேள்வி: கடற்படை விமானியான என் அண்ணன், போர்ப் பதற்றத்தின்போது ஹெலிகாப்டர் கடலில் விழுந்து இறந்தார். விசாரணை வாரியம் 'விமானியின் தவறு' என்று எழுதிவிட்டது. ஹெலிகாப்டரின் விலையை எங்களிடம் வசூலிப்பார்களா? பழியைத் துடைக்க வழக்குப் போடலாமா?

பதில்: வசூலிக்க மாட்டார்கள். அது அரசு தன் கணக்கில் எழுதித் தள்ளும் நஷ்டம். அதிகாரிகள் துக்கம் விசாரிக்கக்கூட வரவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கு போகிற ராணுவத் தீர்ப்பாயத்தில் அதற்கு மதிப்பில்லை.

மரணத்தை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள்? அதைப் பாருங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் 31.1.2001 உத்தரவுப்படி, பணியில் நேர்ந்த விபத்து என்றால் அண்ணிக்குக் கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். எதிரியின் தாக்குதல், அல்லது அரசு தனியாக அறிவித்த ஆபரேஷன் என்றால் முழுச் சம்பளமே பென்ஷன். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போர் விமானம் சுட்டு வீழ்த்திய நம் அலிஸே விமானம் போன்ற இழப்பில் சந்தேகத்துக்கே இடமில்லை. சுடாமல் விழுந்தவற்றில்தான் சண்டை. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடும் குளிரில் ரோந்து போய், குண்டு படாமலே இறந்த வீரரின் மனைவிக்கும் முழு பென்ஷன் உண்டு என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழுத்தடித்த அரசுக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. ஆக, அண்ணன் அன்று எந்த ஆபரேஷனில் பறந்தார் என்ற காகிதம்தான் உங்களுக்கு முக்கியம். கை தவறியதா, இயந்திரம் தவறியதா என்பது அடுத்த பேச்சு.

என்னிடம் வருகிற குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். "பழியை நீக்கு" என்று மட்டும் மனுப் போடுவார்கள். விசாரணைக் கோப்பு ரகசியம் என்பார் அரசு வக்கீல். வாய்தாவிலேயே வருஷங்கள் ஓடும். அதற்குள் பென்ஷன் உத்தரவை எதிர்க்க வேண்டிய ஆறு மாதக் கெடு போய்விட்டிருக்கும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி உள்ளே நுழைந்து ஜெயித்தாலும், பாக்கித் தொகை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான். செத்தவர் பெயரைக் காப்பாற்றப் போய், இருப்பவரின் பணத்தைத் தொலைத்த வீடுகள் எனக்குத் தெரியும். பென்ஷன் வகையை முதல் கோரிக்கையாக வையுங்கள். பழி விவகாரம் இரண்டாவதாக இருக்கட்டும். அது கிடைக்காமலும் போகலாம்.

இன்னொன்று. மனுதாரர் நீங்கள் இல்லை, அண்ணி. கருணைத்தொகையில் அம்மாவுக்குப் பங்கு கேட்டதால் அண்ணியோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த வாரமே பேசித் தீருங்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது. பேசியதை எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். அவர் வராமல் சென்னை ராணுவத் தீர்ப்பாயத்தில் உங்கள் மனு நிற்காது.