வாங்குவோர் கேள்வி-பதில்: கெயினைத் திருத்தாமல் ஆம்ப்பை மாற்றாதீர்கள்

கெயின் குமிழைப் பாதியில் வைத்தால் 100 வாட் ஆம்ப்ளிஃபையர் 50 வாட்டாகிவிடுமா?
— வாசகர், ஜெயநகர்

ஆகாது. கெயின் என்பது சமிக்ஞை எத்தனை மடங்கு பெருக்கப்படுகிறது என்ற அளவு. உள்ளே வரும் சமிக்ஞையின் அளவை மட்டுமே அந்தக் குமிழ் மாற்றுகிறது.

ப்ரீஆம்ப் (வால்யூம் குமிழ் உள்ள முன் பெட்டி), பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் பெட்டி) இரண்டையும் தனித்தனியாக வாங்கினோம். பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'உஸ்' என்று கேட்கிறது. வால்யூமைச் சற்றுத் திருப்பினாலே வீடு அதிர்கிறது. கடைக்காரர் 38,000 ரூபாய்க்கு வேறு ஆம்ப் வாங்கச் சொல்கிறார்.
— வாசகி, அல்சூர்

தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் சேர்ந்து வந்தால், பவர் ஆம்ப்பின் கெயின் தேவைக்கு மேல் திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சிடி பிளேயர் தரும் உச்ச அளவு ஏறத்தாழ 2 வோல்ட். பல பவர் ஆம்ப்கள் முழுத் திறனை எட்ட அதைவிடக் குறைவான மின்னழுத்தமே போதும் என்பதால், வால்யூம் குமிழ் பெரும்பாலும் சமிக்ஞையைக் குறைத்துத்தான் அனுப்புகிறது. ஆனால் ப்ரீஆம்ப்பில் வால்யூமுக்குப் பின் உள்ள சுற்றில் எழும் இரைச்சல், வால்யூமைக் குறைத்தாலும் குறைவதில்லை. பவர் ஆம்ப் அதையும் சேர்த்தே பெருக்குகிறது. கெயினை 12 டெசிபல் குறைத்தால் அந்த இரைச்சலின் மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். பாட்டின் சத்தத்தை வால்யூமில் கூட்டிக்கொள்ளலாம்.

பவர் ஆம்ப்பின் பின்புறக் குமிழ்களை முழுதாகக் குறைத்துவிட்டு, முதலில் ப்ரீஆம்ப்பையும் பிறகு பவர் ஆம்ப்பையும் இயக்குங்கள். நன்கு பழகிய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, ப்ரீஆம்ப்பின் வால்யூமைக் கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டு பக்கக் கெயினையும் சமமாக, மெல்லக் கூட்டி, நீங்கள் எப்போதாவது கேட்கக்கூடிய உச்ச சத்தம் வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். பாட்டை நிறுத்தி, ட்வீட்டரிலிருந்து (கீச்சென்ற உயர் ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) ஒரு சாண் தள்ளிக் காது வைத்தால் வேறுபாடு தெரியும். குமிழே இல்லாத ஆம்ப் என்றால், இடையில் செருகிச் சமிக்ஞையைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் போதும். 'உஸ்' போய், தாழ்ந்த குரலில் 'ம்ம்' என்ற உறுமல் மிஞ்சினால், அது எர்த் இணைப்பைச் சார்ந்த வேறு குறையாக இருக்கலாம். அதற்காக யார் சொன்னாலும் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. இதே இரைச்சலுக்காக எஸ்.பி. சாலைக் கடை ஒன்றில் 22,000 ரூபாய் கொடுத்து நானும் புதிய ப்ரீஆம்ப் வாங்கினேன். வீட்டில் இணைத்தபோது இரைச்சல் அப்படியே இருந்தது. பவர் ஆம்ப்பைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு குமிழ்களும் தூசி படிந்து முழுக் கெயினில், வலது ஓரத்தில் நின்றன; கடைக்காரர் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குமிழைத் திருப்பிப் பார்க்கச் சொல்ல ஒரு நிமிடம் செலவழிக்காமல் புதிய பெட்டியை விற்பது, வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

ரெக்கார்ட் பிளேயரில் சத்தம் மிகக் குறைவு. பெரிய ஆம்ப் வாங்கலாமா?
— வாசகர், இந்திராநகர்

வேண்டாம். எம்.எம். (நகரும் காந்தம்) வகை கார்ட்ரிட்ஜ், அதாவது ரெக்கார்டில் ஓடும் ஊசி பொருத்திய பகுதி, தருவது சுமார் 5 மில்லிவோல்ட்டே. உங்களுக்குத் தேவை 40 டெசிபல் அளவுக்குக் கூட்டித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப்.

விழா ஒன்றில் இரவு முழுதும் உச்ச வால்யூமில் ஓட்டினோம். இரண்டு ட்வீட்டர்களும் எரிந்துவிட்டன. பில் வாங்கவில்லை. வாரண்டி கிடைக்குமா?
— வாசகர், வைட்ஃபீல்டு

பில்லே வாங்காமல் எதைக் காட்டி வாரண்டி கேட்கப் போகிறீர்கள்? ஒலி கரகரத்தபோதே குறைத்திருக்க வேண்டும். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டியதும் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. அப்போது ட்வீட்டரின் மெல்லிய கம்பிச் சுருள் சூடேறி எரிந்துவிடுகிறது. செலவை நீங்களே ஏற்க வேண்டியதுதான்.

இணையத்தில் '1,000 வாட்' என்று விற்ற ஆம்ப்பை வாங்கினேன். பின்புறப் பட்டையில் மின் நுகர்வு 80 வாட் என்றிருக்கிறது. டெல்லி விற்பனையாளர் பதிலே தருவதில்லை.
— வாசகி, சிவாஜிநகர்

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், நீங்கள் கவனக்குறைவாக இருந்ததாக எண்ணி வருந்த வேண்டாம். சுவரிலிருந்து 80 வாட் எடுக்கும் பெட்டி இடைவிடாமல் 1,000 வாட் தர இயலாது, பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத் திறன்) என்ற பெயரில் ஊதிப் பெருக்கிய எண்ணாகவே அது இருக்கும். தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட்டை மட்டுமே நம்ப வேண்டும். விளம்பரப் பக்கத்தையும் பின்புறப் பட்டையையும் இன்றே படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டுகள்.