எண்ணெய் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

கேள்வி: வயது 41. வீட்டில் நான்கு பேர். மாதம் 5 லிட்டர் கடலை எண்ணெய் வாங்குகிறோம். இனிப்பு தொடுவதில்லை, சோறும் அளவுதான். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் தட்டுவடை செட், அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் 9 கிலோ ஏறிவிட்டது. நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்கிறார் தோழி. உண்மையா?
*வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்*

தோழி சொல்வதைத்தான் நானும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். 2021-இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் அதிகமானவர்களின் உடல் ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று அளந்த ஆய்வு வந்தது. உடம்பின் எடைக்கும் தசைக்கும் ஏற்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரைக்கும் அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதனால் நாற்பதின் மேல் பழியைப் போடாதீர்கள் அம்மா.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு எண்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 5 லிட்டர் எண்ணெய் என்பது சுமார் 4,550 கிராம். நான்கு பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பாட்டுக்குச் சொல்வது 27 கிராம். கூடுதல் 11 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக நாளுக்கு 99 கலோரி. இப்போது உங்கள் 9 கிலோவைப் பாருங்கள். ஒரு கிலோ ஏறுவதற்குத் தோராயமாக 7,700 கலோரி என்று வைத்தால், மூன்று வருஷத்தில் நாளுக்கு 63 கலோரி மிஞ்சினாலே போதும், ஏறிய உடம்பைச் சுமக்கிற செலவையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள், எண்ணெய் ஒன்றுதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது, ஆனால் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.

எண்ணெய் ஏன் கண்ணில் படாமல் போகிறது? 100 கிராம் சோறு சாப்பிட்டால் வயிறு அதை உணரும், அதில் சுமார் 130 கலோரி. குழம்பில் மிதக்கும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, ஆனால் அதைச் சாப்பிட்டதாகவே தெரியாது. இன்னொன்று, சாப்பாட்டைச் செரித்துப் பக்குவப்படுத்தவே உடம்புக்குச் செலவு உண்டு. பருப்பு, முட்டை, மீன் என்று புரதமாக வரும் 100 கலோரிக்கு 20 முதல் 30 கலோரி அதிலேயே போய்விடும், மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு அதிகபட்சம் 3. சாப்பிட்ட கொழுப்பு பெரிய மாற்றம் ஏதுமில்லாமல் உடல் கொழுப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கூடவே சோறும் மாவும் தாராளமாக இருந்தால் உடம்பு முதலில் அதைத்தான் எரிக்கும், கொழுப்பு அப்படியே சேமிப்புக்குப் போகும். தட்டுவடை அரிசி மாவை எண்ணெயில் பொரித்தது, இரண்டும் சேர்ந்தே வருகிறது. மேலே வைக்கிற கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி எல்லாம் நல்லதுதான். சேலத்துக்காரர்களைத் தட்டுவடை செட்டை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. வாரத்துக்கு ஒரு நாள் ஆக்குங்கள், அன்றைக்கு ராத்திரி சப்பாத்தி ஒன்று குறையட்டும்.

பாக்கெட் உடைக்கிற அன்றே அதன் மேல் தேதி எழுதுங்கள். மாதத்துக்கு மூன்றரை லிட்டர் இலக்கு. தோசைக்கு எண்ணெயைச் சுற்றி ஊற்றாமல், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் போதும்.

கேள்வி: பேலியோவில் முதல் வாரமே 3 கிலோ குறைந்தேன். நெய், முட்டை, கறிதான் சாப்பாடு. கொழுப்பைத் தின்றால்தான் கொழுப்பு கரையும் என்கிறார்கள். அப்பா திட்டுகிறார். யார் சொல்வது சரி?
*வாசகர், வயது 27, சூரமங்கலம்*

தம்பி, அந்த 3 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பை வைத்திருக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினதும் இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும்.

2015-இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் உடல் பருமன் உள்ள 19 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஒரு முறை மாவுச்சத்தையும் இன்னொரு முறை கொழுப்பையும் அதே கலோரி அளவுக்குக் குறைத்தார்கள். கொழுப்பைக் குறைத்தபோது நாளுக்கு 89 கிராம் உடல் கொழுப்பு கரைந்தது, மாவுச்சத்தைக் குறைத்தபோது 53 கிராம். அது வெறும் ஆறு நாள் சோதனை. 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருஷம் பார்த்தார்கள்: கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. எந்த முறையை ஒரு வருஷம் விடாமல் செய்ய முடிகிறதோ அதுதான் உங்களுக்கான முறை. தொடர்வதாக இருந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் எவ்வளவு என்று மூன்று மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், சிலருக்கு நெய்யும் கறியும் அதை நன்றாக ஏற்றிவிடும். அப்பா சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அவரை இதில் சேர்க்கவே கூடாது, சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் எடை ஏற்றாது, 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று விற்கிறார்களே?
*வாசகி, செவ்வாய்ப்பேட்டை*

தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் கிராமுக்கு அதே 9 கலோரிதான். மணம் பிடித்திருந்தால் வாங்குங்கள், அளவு மட்டும் மாறக்கூடாது.

கேள்வி: தாத்தா நெய்யும் கறியுமாகச் சாப்பிட்டு எண்பது வயது வரை ஒல்லியாகவே இருந்தார். நான் அதில் பாதி சாப்பிட்டும் தொப்பை. ஏன்?
*வாசகர், நாகலூர், ஏற்காடு*

அவர் காலத்தில் காப்பித் தோட்டத்துக்கும் சந்தைக்கும் எப்படிப் போனார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏற்காட்டு மேட்டில் மூட்டையோடு ஏறி இறங்கின கால் அவருக்கு, நமக்கு வண்டி இருக்கிறது. கறியும் நெய்யும் அன்று தினசரியா, நோன்பிக்கும் விசேஷத்துக்கும் மட்டுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். மற்ற நாளில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியுமாக இருந்திருந்தால், மொத்தக் கணக்கில் அவர் உங்களைவிடக் குறைவாகத்தான் கொழுப்பு சாப்பிட்டிருப்பார். தையல் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து எழுதுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. தாண்டியிருந்தால் ரத்தச் சர்க்கரையையும் ஒரு முறை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.