முதலில் கட்டில் வாங்குங்கள், சோபா அப்புறம்

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். அடுத்த மாதம் மனைவியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் வந்து சேருகிறார்கள், வாடகைக்குச் சின்னதாக ஒரு தரைத்தள வீடு பார்த்தாகிவிட்டது, வீட்டை வசதியாக அமைக்க எதையெல்லாம் கொண்டுவர வேண்டும், எதையெல்லாம் அங்கேயே வாங்க வேண்டும், ஒரு பட்டியல் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாடு என்று சொல்லவில்லை, குளிர் நாடு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதுவே போதும். நான் இரண்டு குளிர் நாடுகளில் 19 வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். தரைத்தளம், கைக்குழந்தை, முதல் குளிர்காலம் என்ற மூன்றையும் சேர்த்துப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாங்கள் வந்து இறங்கியதும் அப்படித்தான்.

பட்டியலை விடுங்கள். தட்டு, கரண்டி, திரைச்சீலை எல்லாம் பத்து நாளில் தானாகச் சேர்ந்துவிடும். மின்சாரச் சாமான் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ கொண்டுவருவதாக இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 220-240 வோல்ட் என்று போட்டிருந்தால், 110-120 வோல்ட் உள்ள நாட்டில் அது முக்கி முனகித்தான் ஓடும். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜரில் பெரும்பாலும் 100-240 என்று இருக்கும், அதற்குக் கவலை இல்லை, பிளக்கை மாற்றினால் போதும். மற்றதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது ஈரத்தைப் பற்றி. குளிரைப் பற்றி எல்லாரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஜாக்கெட், பூட்ஸ், கையுறை என்று அடுக்கியிருப்பார்கள். வீட்டுக்குள் சேரும் ஈரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்னாலேயே வந்து குடியேறியவர்கள் எத்தனையோ பேர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம், யார் எங்கே வீடு வாங்கினார்கள் என்பதெல்லாம் பேசினார்கள். பின்சுவரில் ஏறிக்கொண்டிருந்த கறுப்பை ஒருவர்கூடக் காட்டவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாங்கள் நவம்பரில் வந்தோம். மெத்தையை மட்டும் வாங்கித் தரையில் போட்டுப் படுத்தோம். கட்டில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சோபா வேண்டும், யாராவது வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்று நினைத்தோம். ஜன்னல் இடுக்கில் காற்று வந்தது, டேப் வாங்கி ஒட்டினேன். சுவரில் மேலே ஒரு சின்னக் காற்றுத் துளை இருந்தது, அதையும் துணியால் அடைத்தேன். குழந்தையின் துணியை, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேலேயே போட்டுக் காயவைத்தோம். பெரிய அலமாரி ஒன்றை வெளிச்சுவரோடு ஒட்டி நிறுத்தினோம், இடம் மிச்சமாகும் என்று. இத்தனையும் நல்லது என்று நம்பித்தான் செய்தோம்.

ஜனவரியில் குழந்தைக்கு ராத்திரி இருமல் நிற்கவில்லை. அறையில் ஒரு வாசனை. மழையில் நனைந்த சாக்கு மூட்டை போல. ஒருநாள் மெத்தையைத் தூக்கினேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பூசணம். அலமாரியை நகர்த்தினால் அதன் முதுகுப் பலகையில் பஞ்சு ஒட்டியது போல இருந்தது. கீழ்த் தட்டில் எங்கள் கல்யாண ஆல்பம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் படத்தின் மேல் தோல் உரிந்து வந்தது. என் மனைவி அன்றைக்குத்தான் இந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாக அழுதாள்.

மேல் மாடியில் ஒரு பெரியவர் இருந்தார், கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த ஊர்க்காரர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். அறை நடுவில் கையை நீட்டினார், மறுபடி சுவர் மூலையில் வைத்தார். "இதைத் தொட்டுப் பார்" என்றார். நடு அறைக்கும் மூலைக்கும் அவ்வளவு வித்தியாசம். எனக்குக் கணக்குப் புரிந்தது அப்போதுதான்.

அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சூடான காற்று நிறைய ஈரம் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் தண்ணீரைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், அதாவது தாங்கக்கூடிய ஈரத்தில் 60 சதவீதம் காற்றில் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் காற்று 12 டிகிரியில் இருக்கும் ஒரு பரப்பைத் தொட்டால் அங்கே தண்ணீர் கட்டும். காலையில் ஜன்னல் கண்ணாடி முத்து முத்தாக வேர்ப்பது அதனால்தான். பூசணத்துக்கு அந்த முத்துகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும், அது பிடித்துக்கொள்ளும். அலமாரிக்குப் பின்னால் அறையின் சூடு போய்ச் சேராது, காற்றும் அசையாது. மெத்தைக்கு அடியிலும் அதே கதை, ராத்திரி முழுக்க உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் வேறு.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். நம்மிடமிருந்துதான். மூச்சு, குளியல், சமையல், துணி. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். தினமும் ஒரு குடம் தண்ணீரை வீட்டுக்குள் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்துவது போல. மெஷினில் பிழிந்து எடுத்த ஒரு சுமைத் துணியிலேயே சுமார் 2 லிட்டர் இருக்கும். நான் அதை ரேடியேட்டர் மேல் போட்டு, ஜன்னலுக்கு டேப்பும் ஒட்டி வைத்திருந்தேன்.

அதனால் முதலில் கட்டில். சட்டம் போட்ட, பலகைக்குப் பலகை இடைவெளி உள்ள கட்டில். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, மெத்தைக்குக் கீழே காற்று ஓட வேண்டும். அடுத்து ஒரு ஹைக்ரோமீட்டர், அதாவது ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்னக் கருவி. அதைப் படுக்கையறையில் வெளிச்சுவர்ப் பக்கமாக வையுங்கள். 40-க்கும் 60-க்கும் நடுவில் நிற்க வேண்டும், கடுங்குளிரில் 50-க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. அலமாரி, பீரோ எதுவானாலும் முடிந்தால் உள்சுவரில் நிறுத்துங்கள். வெளிச்சுவர்தான் இடம் என்றால் ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். பெட்டிகளைத் தரையில் நேரடியாக அடுக்காதீர்கள், அதிலும் அட்டைப் பெட்டி கூடவே கூடாது.

ஜன்னலைத் திற என்று சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. "காசு கொடுத்துச் சூடாக்கி வெளியே விடுவதா?" என்பார்கள். சுவரும் சாமான்களும்தான் பெரும்பங்கு சூட்டை வைத்திருக்கின்றன, காற்றில் இருப்பது கொஞ்சம்தான். காலையிலும் மாலையிலும் ஐந்து பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை முழுசாகத் திறந்துவிட்டுச் சாத்துங்கள். ஈரக்காற்று போய்விடும், சுவர் சூடாகவே இருக்கும். நாள் முழுக்க ஓர் இடுக்கு மட்டும் திறந்து வைப்பதுதான் தப்பு, அது ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரைக் குளிரவைத்துவிடும். வெளியே மழை பெய்கிறதே, ஈரம் உள்ளே வராதா என்று நானும் பெரியவரிடம் கேட்டேன். வராது. 5 டிகிரி மழைக்காற்று முழுக்க நனைந்திருந்தாலும் அதில் 7 கிராம் அளவுதான் தண்ணீர். உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். இதை நான் நம்பாமல் கருவியை வைத்துக்கொண்டு பரிசோதித்தேன். மழை கொட்டும்போது திறந்தேன், 72-ல் நின்ற முள் கண் முன்னாலேயே இறங்கியது.

துணியைக் குளியலறையில் காயப்போடுங்கள், கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு. சமைக்கும்போது மூடி போடுங்கள். ஹீட்டரை வேலைக்குப் போகும்போது அடியோடு அணைத்துவிட்டு, வந்ததும் உச்சத்தில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சிக்கனம் என்று பெருமையாகவும் சொல்வார்கள். அந்த வீடுகளில் சுவர் சூடாகவே நேரம் கிடைப்பதில்லை, சாயங்காலம் வெளியாகும் ஆவியெல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். குறைத்து வையுங்கள், அணைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி என்றுதான் சொல்கிறது, குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்கிறது. ஊருக்குப் போகும்போதும் முழுசாக அணைக்காதீர்கள், குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் வீடே நாசம். வீட்டுக்குள் வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்று குடிபோகும் அன்றைக்கே பார்த்து வையுங்கள்.

ஏற்கெனவே பூசணம் இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், தூள் வீடு முழுக்கப் பரவும். முகக்கவசம், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேல் அப்படியே பெயின்ட் அடித்தால் அடுத்த குளிர்காலத்தில் திரும்ப வரும். பிளீச்சையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாக ஊற்றக் கூடாது, விஷ வாயு கிளம்பும்.

குளியலறை என்றதும் இன்னொன்று. பல வீடுகளில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. வாளியில் மொண்டு ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை அன்றைக்கே விட்டுவிடுங்கள். எங்கள் இரண்டாவது வீடு மாடியில். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் நல்ல மனதோடு தரையைக் கழுவிவிட்டார், கீழ் வீட்டுக்காரரின் விளக்கு வழியாகத் தண்ணீர் சொட்டியது. மன்னிப்புக் கேட்டு, கூரைக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தோம்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். சமைக்கும்போது புகை எச்சரிக்கைக் கருவி கத்துகிறது என்று அதன் மேல் பிளாஸ்டிக் பை கட்டி வைக்கிற வீடுகள் நம்மவர்களிடையே நிறைய. சிலர் பேட்டரியையே கழற்றிவிடுகிறார்கள். குழந்தை தூங்குகிற வீட்டில் இதை எப்படிச் செய்ய மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. பார்த்த இடத்தில் நான் சண்டை போட்டிருக்கிறேன், அதனால் இரண்டு வீடுகளில் பேச்சு நின்றும் போனது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள், கருவியின் ஆயுள் சுமார் பத்து வருடம்தான், பின்பக்கம் தேதி இருக்கும். குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவதும், கரி மூட்டுவதும் உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி, அதுவும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், உடனே எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டு அப்புறம் உதவிக்குக் கூப்பிடுங்கள். காஸ் கொதிகலனோ விறகு அடுப்போ உள்ள வீடு என்றால் அதற்கென்று தனிக் கருவி வேண்டும், புகைக் கருவி அதைக் காட்டாது.

சாவி வாங்கும் அன்றைக்கே, சாமானை இறக்குவதற்கு முன்னால், ஒவ்வொரு மூலையையும், ஜன்னல் ஓரத்தையும், சிங்க்குக்கு அடியையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் முதல் வீட்டுக்காரர், பூசணம் முழுக்க எங்கள் பழக்கத்தால் வந்தது என்று டெபாசிட்டில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். பாதி எங்கள் தப்பு என்பது உண்மை. மீதி, பழைய பூசணத்தின் மேல் அவர் அடித்து வைத்திருந்த பெயின்ட். என்னிடம் ஒரு படம் இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

அந்த வருடம் பிப்ரவரியில் பெரியவரும் நானும் சேர்ந்து அலமாரியை உள்சுவருக்கு நகர்த்தினோம். அவருக்கு முழங்கால் வலி, ஆனாலும் என்னைத் தனியாகத் தூக்க விடவில்லை. ஜன்னல் டேப்பை அவரே கத்தியால் கீறி எடுத்தார். மறுநாள் பழைய முள் வைத்த ஈரமானி ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே மாட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வாசனை போனது, மார்ச்சில் குழந்தையின் இருமலும் நின்றது. எண் படிக்கக் கற்றுக்கொண்ட வயதில் என் மகள் காலையில் எழுந்ததும் அதன் முன்னால் போய் நின்று, "அப்பா, அம்பத்தி ரெண்டு" என்று கத்துவாள். நான் ஜன்னலைத் திறப்பேன். இப்போது சொந்த வீட்டில் இருக்கிறோம், இந்தக் குளிர்காலம் முழுக்க 48-ஐத் தாண்டவில்லை. ஆல்பத்தில் பிழைத்த படங்கள் ஒன்பது. அவற்றை உள்சுவரில் மாட்டியிருக்கிறோம், பெரியவரின் ஈரமானிக்குப் பக்கத்தில்.

உங்கள் படுக்கையறையில் எத்தனை வெளிச்சுவர், ஜன்னல் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள் தம்பி. குழந்தையின் தொட்டிலை எங்கே போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.