நாம் படிக்காத வேறு துறைக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். காப்புரிமை என்பது, ஒரு கண்டுபிடிப்பை நம் அனுமதியில்லாமல் மற்றவர்கள் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்க, அரசு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் உரிமை. பொருள் புதிதா, அந்தத் துறைக்காரருக்குச் சட்டென்று தோன்றிவிடாததா, பயன்படுமா என்றுதான் பார்ப்பார்கள், உங்கள் பட்டத்தை அல்ல. சமையல் போட்டி நடுவர் குழம்பைத்தானே ருசி பார்க்கிறார், அதுபோல.

இயற்பியலாளர் ஐன்ஸ்டைனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்லினில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கசிந்த நச்சு வாயு ஒரு குடும்பத்தையே கொன்ற செய்தி அவரை உலுக்கியது. அப்புறம் இன்னொரு இயற்பியலாளரான லியோ சிலார்டுடன் சேர்ந்து, வாயு கசிய வழிவிடும் அசையும் பாகங்களே இல்லாத பெட்டியை வடிவமைத்து, 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். 1936-இல் மருத்துவர் பக்கியுடன், வெளிச்சத்துக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும் கேமராவுக்கும்!

நல்ல யோசனை இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. துறை தெரிந்தவர் படித்துவிட்டுச் செய்யும் அளவுக்கு விவரம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.