நானோவுக்கு பி.எஸ்சி.யில் எதை எடுப்பது?

வணக்கம் அக்கா. மகள் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிக்கிறாள், நானோ தொழில்நுட்பத்துக்கு, அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்களைச் செய்து பயன்படுத்தும் துறைக்குப் போக வேதியியலா, இயற்பியலா, கெமிக்கல் இன்ஜினியரிங்கா என்று டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருந்தீர்கள்.

முதல் பட்டத்திலேயே ‘நானோ’ என்ற பெயரைத் தேடி அலையாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் அது பெரும்பாலும் மேற்படிப்பில்தான் வரும்: மூன்று வருட பி.எஸ்சி., அதற்கு மேல் ஒரு வருட ஹானர்ஸ் பட்டம், அப்புறம் எம்.எஸ்சி. வெஸ்டர்ன் கேப், ஜோஹன்னஸ்பர்க், ஃப்ரீ ஸ்டேட், நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் நானோசயின்ஸ் எம்.எஸ்சி.யில் வேதியியல், இயற்பியல், உயிர்மருத்துவம் எனத் தனிப் பிரிவுகளே உண்டு.

அவளுக்கு எதில் மனம் போகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் சொல்லி, அவள் என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) கரைசல் ஊற்றினால், வெளிர்மஞ்சள் திரவம் சில நிமிடத்தில் மாதுளைச் சாறு மாதிரி சிவந்துவிடும். உள்ளே இருப்பது சுமார் 15, 20 நானோமீட்டர் தங்கத் துகள்கள் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). “எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்டால் வேதியியல். “தங்கம் ஏன் சிவக்கிறது?” என்றால் இயற்பியல். “இதையே டன் கணக்கில் செய்யலாமா?” என்றால் இன்ஜினியரிங்.

என் ஓட்டு வேதியியலுக்கு, கூடவே இயற்பியல். நானோ கைகொடுக்காவிட்டாலும் பெயிண்ட், மருந்து, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் வேலை தேடலாம்.

ஒன்று கேட்க மறந்தேன்: அவள் எடுத்திருப்பது மேத்ஸ்தானே? அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி என்றால் நேரடி பி.எஸ்சி. கிடைப்பது கஷ்டம். அதை இன்றைக்கே பாருங்கள்.