அகதிகளைக் குழுவில் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் பட்ஜெட்டைத் திறந்து வையுங்கள்

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனம் அகதிகளின் பிள்ளைகளுக்கும் நாடற்றவர்களின் பிள்ளைகளுக்கும் கல்வித் திட்டம் தொடங்குகிறது. அவர்கள் தரப்பில் இரண்டு பேரை ஆலோசனைக் குழுவில் சேர்க்க நினைக்கிறோம். பெயரளவுக்கு இல்லாமல் இதை எப்படிச் செய்வது?

பதில்: எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியென்றால் குழுவில் யார் உட்கார்ந்தாலும் கருத்துச் சொல்லலாம், எதையும் மாற்ற முடியாது. பகல் வகுப்புக்குக் கட்டடம் பிடித்து முன்பணமும் கொடுத்த பிறகு, "எங்கள் பிள்ளைகள் பகலில் வேலைக்குப் போகிறார்களே" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? நிதிக்கு விண்ணப்பம் எழுதும்போதே அவர்களைக் கூப்பிடுங்கள். நிதி தருபவர்கள் முகம் சுளித்தால், 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட அகதிகளுக்கான உலகளாவிய உடன்பாட்டைக் காட்டலாம். யாருக்காக வேலை நடக்கிறதோ அவர்களையும் உண்மையாகவே ஈடுபடுத்தினால்தான் அது நல்ல பலன் தரும் என்று அது சொல்கிறது. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத ஆவணம்தான், ஆனாலும் பேச்சைத் தொடங்க உதவும்.

அடுத்து, அந்த இரண்டு பேர் யார்? "முகாம் தலைவரைக் கேளுங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அவர் ஆண், நன்றாகப் பேசுபவர், அதிகாரிகளுக்குப் பழக்கமானவர். அவர் வரட்டும், தவறில்லை. ஆனால் பெண்களையும் இளைஞர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் தனித்தனியாகச் சந்தித்து, தங்கள் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை அவர்களையே தேர்வு செய்யச் சொல்லுங்கள். ஒரே ஆளாக வருபவர் வாய் திறக்கத் தயங்குவார். ஒரு தரப்புக்கு இரண்டு பேராவது வேண்டும் என்பது என் கருத்து.

நாடற்றவர்களை அகதிகளோடு ஒரே கட்டாகக் கட்டிவிடாதீர்கள். எந்த நாடும் தன் சட்டப்படி குடிமகனாகக் கருதாதவரே நாடற்றவர் என்கிறது நாடற்றவர்களின் நிலை பற்றிய 1954-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம். மியான்மரின் ரோஹிஞ்சாக்களைப் போல இரண்டுமாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் நாடற்றவர்களில் ஏராளமானோர் எல்லை எதையும் தாண்டியதே இல்லை. பிறந்த ஊரிலேயே காகிதம் இல்லாமல் வாழ்பவர்கள். தாய் தன் குடியுரிமையைத் தந்தையைப் போலவே பிள்ளைக்குக் கொடுக்க முடியாத நாடுகள் இன்றும் 20-க்கும் மேல் இருக்கின்றன. அகதிப் பெற்றோர் பாடமொழியைப் பற்றிக் கவலைப்படும்போது, இவர்கள் "பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைத் தேர்வு எழுத விடுவார்களா?" என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வி உங்கள் திட்டத்தையே திருப்பிப் போடலாம்.

பாதுகாப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர், இணையத்தில் ஒரு படம், அவ்வளவு போதும். ஊரில் விட்டுவந்த உறவினருக்குத் தொல்லை வரலாம், இங்கேயே கைது பயம் இருக்கலாம். முழுப்பெயர் கட்டாயம் வேண்டாம். படம் எடுக்க ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள். மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். வெளிநாட்டுக் கூட்டம் என்றால், அகதிகளுக்கான 1951 ஒப்பந்தம், நாடற்றவர்களுக்கான 1954 ஒப்பந்தம் இரண்டிலுமே 28-வது பிரிவு, கடவுச்சீட்டுக்குப் பதிலாகப் பயன்படும் பயண ஆவணம் பற்றிப் பேசுகிறது. ஆனால் அந்த ஒப்பந்தங்களில் சேராத நாட்டில் இருப்பவருக்கு அது கைகொடுக்காது. சரி, காணொளியில் பேசலாமே என்றால், பல நாடுகளில் சிம் கார்டு வாங்கவே அடையாள அட்டை வேண்டும். அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பணம் கொடுங்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோரும் சம்பளத்தோடு வந்திருக்க, இவர்கள் மட்டும் ஒருநாள் கூலியை இழந்து வர வேண்டுமா? ஆனால் வேலை அனுமதி இல்லாதவருக்கு மதிப்பூதியம் கொடுப்பது அவருக்கே வினையாகலாம், வங்கிக் கணக்கும் இருக்காது. முதலில் உள்ளூர் வழக்கறிஞரைக் கேளுங்கள். போக்குவரத்து, சாப்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு என்று கொடுப்பதற்குப் பெரும்பாலும் வழி இருக்கும். மொழிபெயர்ப்பாளர் அவர்களின் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, அவர்கள் ஊர் மோதலில் எதிர்த் தரப்பாக இருந்த இனத்தவராகவும் இருக்கக் கூடாது.

அப்புறம், கூட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அவர்கள் மொழியிலேயே சொல்லி அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் குரல் பதிவாக அனுப்பலாம்.