ஜே-1 விசா: ஜெமினி பாலத்துக்குப் போகும் முன்

தரமணிப் பக்கம் ஆய்வு மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில், போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்த பேச்சு இது. வந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வருகை ஆய்வாளராகப் போக இருப்பவர்கள். நான் மூன்று வருடம் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியவள். வந்த பிறகு ஜூனியர்களின் காகிதங்களைப் பார்த்துப் பார்த்தே பாதி வக்கீல் ஆகிவிட்டேன். முழு வக்கீல் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கிண்டி: அக்கா, தீசிஸ் கொடுத்துவிட்டேன். அங்கே ஒரு பேராசிரியர், ஒரு வருடம் வந்து வேலை செய் என்று மெயில் போட்டிருக்கிறார். விசாவுக்கு அது போதுமா?

போதாது. அந்த மெயில், பெண் பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பின மாதிரி. தட்டு மாற்றுவது டிஎஸ்-2019 என்ற படிவம் வந்த பிறகுதான். அதைப் பேராசிரியர் தர முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அனுமதி கொடுத்திருக்கும் ஸ்பான்சர்தான் தர வேண்டும். பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம்.

அவர்கள் உங்களிடம் கேட்பது: பாஸ்போர்ட் நகல், சிவி, பட்டச் சான்றிதழ், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான கடிதம், அப்புறம் ஆங்கிலம் தெரியும் என்பதற்கு ஆதாரம். ஆங்கிலம் என்றதும் டோஃபலுக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட தேர்வின் மதிப்பெண், படித்த கல்லூரி கையெழுத்திட்டுத் தரும் கடிதம், ஸ்பான்சரே வீடியோவில் பேசிப் பார்த்து எழுதி வைக்கும் குறிப்பு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை விதி ஏற்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் இவற்றில் எதை எடுத்துக்கொள்ளும் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

படிவம் இப்போது பெரும்பாலும் மெயிலிலேயே வருகிறது. அச்சிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகு வரிசை இதுதான்: செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவேடு) கட்டணம் 220 டாலர், டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பம், விசா கட்டணம் 185 டாலர், கைரேகைக்கு ஒரு நாள், ஜெமினி பாலம் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கும் முன்னதாக அங்கே இறங்க முடியாது. முடிந்த பிறகும் மூட்டை கட்ட 30 நாள் உண்டு, ஆனால் அந்த நாட்களில் வேலை செய்யக் கூடாது.

குரோம்பேட்டை: போன வருடம் மூன்று மாதம் ஒரு ஆய்வகத்துக்குப் போய் வந்தேன். இப்போது வேறு இடத்தில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஊர் அலுவலகம், 'உங்களுக்கு டிஎஸ்-2019 தர முடியாது' என்கிறது. நான் என்ன தப்பு செய்தேன் மேடம்?

நீங்கள் தப்பு செய்யவில்லை. யாரோ ஒருவர் பெட்டியை மாற்றி டிக் செய்துவிட்டார்.

டிஎஸ்-2019-இல் 4-ஆம் கட்டத்தில் உங்கள் வகை இருக்கும். குறுகிய கால ஆய்வாளர் என்பது ஒரு வகை: அதிகபட்சம் 6 மாதம், நீட்டிப்புக் கிடையாது. ஆய்வாளர் என்பது இன்னொரு வகை: 5 வருடம் வரை இருக்கலாம். மூன்று மாதத்துக்குப் போகிறவருக்கும் இந்த இரண்டாவது வகையில் படிவம் தர விதி தடுப்பதில்லை. வாங்குகிறவருக்கும் அது பெரிய மரியாதை மாதிரித் தெரியும். வினை அதற்குப் பிறகுதான். ஆய்வாளர் வகையில் போனவரின் திட்டம் முடிந்தால், மீதி நாலே முக்கால் வருடமும் அதோடு போயிற்று. அடுத்த 24 மாதம் ஆய்வாளராகவோ பேராசிரியர் வகையிலோ திரும்பப் போக முடியாது. மூன்று மாதம் இருந்தாலும் சரி, மூன்று வருடம் இருந்தாலும் சரி, தடை ஒன்றுதான். குறுகிய கால வகையில் போய் வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

எனக்கே இது நடக்க இருந்தது. முதல் தடவை பத்து வாரப் பயணத்துக்கு ஆய்வாளர் என்று போட்டு அனுப்பினார்கள். பக்கத்து மேஜைக்காரர் பார்த்துச் சொன்னதால் திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினேன். மாற்றியிருக்காவிட்டால் அந்த மூன்று வருட வேலை எனக்கு இல்லை.

உங்களுக்கு இப்போது உள்ள வழிகள்: 24 மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கணக்குப் போட்டு, அதுவரை வேலையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். இடையில் குறுகிய கால ஆய்வாளராக ஆறு மாதம் போய் வருவதை இந்தத் தடை மறிக்காது. எச்-1பி என்ற வேலை விசா வாங்கித் தர முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழகங்களுக்கு அதில் குலுக்கல் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்கான புது மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று ஓராண்டுக்கு அறிவித்ததிலிருந்து யாரும் அந்தப் பேச்சையே எடுக்க விரும்புவதில்லை.

ஒன்று மட்டும். திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பொங்கலுக்கு ஊருக்கு வந்து போனால் அது முடிவாகாது. படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.

வேளச்சேரி: அந்த இரண்டு வருட விதி இந்தியர்களுக்கு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

அது வேறு இரண்டு வருடம்! இந்தக் குழப்பத்தில் விழாதவர் குறைவு. மேலே சொன்ன 24 மாதம், ஜே-1 ஆய்வாளராகத் திரும்பப் போவதற்கான தடை. நீங்கள் சொல்வது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவு: ஜே-1 முடிந்ததும் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருந்தால்தான் எச், எல் விசாவோ கிரீன் கார்டோ வாங்க முடியும். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்பதில்லை. ஒன்று போனதால் இன்னொன்றும் போய்விடாது.

212(இ) மூன்று வழியாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் துறை, நாட்டுக்குத் தேவையான திறன் பட்டியலில் இருப்பது ஒன்று. அரசுப் பணத்தில் போவது இரண்டு. மருத்துவ மேற்பயிற்சிக்குப் போவது மூன்று. 2024 டிசம்பர் 9 அன்று வந்த புதுப் பட்டியலில் இந்தியா இல்லை. முன்பே போனவர்களுக்கும் அது பொருந்தும். எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். மற்ற இரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன.

உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது?

வேளச்சேரி: மத்திய அரசு ஃபெல்லோஷிப்.

அப்படியென்றால் உங்களுக்கு உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசுப் பணம் மட்டும்தான் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சொந்த நாட்டு அரசின் பணமும் கணக்குதான், அதில் ஒரு பகுதி மட்டும் என்றாலும். இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு ஃபெல்லோஷிப் வாங்கினவர்களுக்கும் இதே கதை. விசா ஒட்டினதும் அதன் அடியில் 212(இ) பற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். அது தப்பு என்று தோன்றினால் வெளியுறவுத் துறையிடம் கருத்துக் கேட்டு எழுதலாம். விலக்குக் கேட்க டிஎஸ்-3035 என்ற விண்ணப்பம் இருக்கிறது. அதற்கு, நீங்கள் திரும்ப வர வேண்டிய கட்டாயம் இல்லை என்று இந்தியத் தரப்பில் நோரி சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரே மேஜையில் முடிகிற காரியம் இல்லை அது. அரசுப் பணத்தில் போய்விட்டு விலக்கும் கிடைத்துவிடும் என்று நம்பி அங்கே வீடு வாங்காதீர்கள்.

மயிலாப்பூர்: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. பட்டச் சான்றிதழில் இனிஷியல். படிவத்தில் என்ன போடுவது?

தமிழ்நாட்டுக்காரர்களின் நிரந்தரத் தலைவலி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுதான் வேதம். சர்நேம் காலி என்றால், டிஎஸ்-160-இல் உங்கள் பெயர் முழுவதையும் சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் எஃப்என்யூ என்று போட வேண்டும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அப்புறம் அங்கே வங்கியிலும் ஆய்வக அடையாள அட்டையிலும் உங்களை ஃபினு என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

நேரம் இருந்தால், டிஎஸ்-2019 கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து சர்நேமாகச் சேர்த்து மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம், எந்தச் சேவா கேந்திரத்திலும் செய்யலாம். படிவம் வந்த பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப மாற்ற வேண்டும். சான்றிதழில் உள்ள இனிஷியல் பெரிய பிரச்சினை இல்லை. கேட்டால், எங்கள் ஊரில் இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்று சொன்னால் போதும். சென்னைத் துணைத் தூதரகத்தில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார்கள்.

பெரம்பூர்: மனைவியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் கூட்டிப் போகலாமா? அம்மாவும் வருகிறேன் என்கிறார்.

மனைவிக்கும் குழந்தைக்கும் ஜே-2. கல்யாணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை அதில் வரலாம். ஆளுக்கொரு டிஎஸ்-2019, ஆளுக்கொரு விசா கட்டணம். செவிஸ் கட்டணம் உங்களுக்கு மட்டும். அங்கே போன பிறகு மனைவி ஐ-765 போட்டு வேலை அனுமதி வாங்கலாம், ஆனால் அந்தச் சம்பளம் உங்கள் செலவைத் தாங்குவதற்கு என்று காட்டக் கூடாது. அம்மாவுக்கு ஜே-2 கிடையாது, சுற்றுலா விசாதான்.

காப்பீடு மூன்று பேருக்கும் கட்டாயம். ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு 1,00,000 டாலர், மருத்துவ வெளியேற்றத்துக்கு 50,000, இறந்தால் உடலைக் கொண்டுவர 25,000. நம் கையிலிருந்து கட்டும் பங்கு ஒரு தடவைக்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது. இங்கே ஏஜென்ட் தரும் பயணக் காப்பீடு இந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலும் அடிபடும். பாலிசியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

கீழ்ப்பாக்கம்: நான் எம்.டி. முடித்த டாக்டர். ஆய்வாளராகப் போய், வார்டிலும் நின்று கற்றுக்கொள்ளலாமா?

நிற்கலாம், தொடுவதில்தான் விஷயம். ஆய்வாளர் ஜே-1-இல் நோயாளிக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. அங்குள்ள டீன், நோயாளித் தொடர்பே இல்லை என்றோ, ஆய்வின் போக்கில் தற்செயலாக வரும் தொடர்பு மட்டும் உண்டு என்றோ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இரண்டாவது கடிதத்தில் ஐந்து உறுதிகள் இருக்கும்: வேலை முக்கியமாக ஆய்வும் பார்வையிடலும்தான், உரிமம் பெற்ற டாக்டரின் நேரடி மேற்பார்வை உண்டு, நோய் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் இறுதிப் பொறுப்பு உங்களுக்கு இல்லை, மாநில உரிம விதிகளை மீற மாட்டீர்கள், இந்த அனுபவம் அங்கே சிறப்பு மருத்துவப் பயிற்சிக் கணக்கில் சேராது. ரெசிடென்சி, அதாவது அங்கே மருத்துவமனையில் டாக்டராகப் பயிற்சி, வேண்டும் என்றால் அது தனிப் பாதை. அரசு வேலையில் இருந்தால் துறை அனுமதிக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள், விசாவைவிட அது தாமதமாகும்.

அண்ணா நகர்: வங்கியில் எவ்வளவு இருக்க வேண்டும்?

நாடு முழுக்க ஒரே தொகை என்று இல்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வைத்திருக்கிறது. வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு எல்லாம் வேண்டாம், எடுக்கக்கூடிய பணம்தான் கணக்கு. மாமாவிடம் வாங்கி ஒரு வாரம் போட்டுவைத்துக் காட்டும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ராயப்பேட்டை: என்னிடம் பத்து வருட பி1/பி2 (வணிக, சுற்றுலா) விசா இருக்கிறது. ஒரு வாரக் கருத்தரங்குக்கு ஜே-1 வேண்டுமா?

வேண்டாம், அது போதும். சம்பளம் இல்லாத தனி ஆய்வுக்கும் அதில் போகலாம். பேச்சுக்குக் கௌரவத் தொகை கொடுத்தால் ஒரு இடத்தில் 9 நாளுக்கு மேல் கூடாது, 6 மாதத்தில் 5 நிறுவனத்துக்கு மேல் கூடாது. மாதச் சம்பளம் என்ற பேச்சு வந்தால் பி-1-ஐ மறந்துவிடுங்கள்.

பள்ளிக்கரணை: நேர்காணலில் என்ன கேட்பார்கள்? என் ஆய்வு கொஞ்சம் சிக்கலான விஷயம்.

சிக்கலான விஷயம் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்! கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விசா அதிகாரி உங்கள் துறைக்காரர் இல்லை, உங்களுக்குக் கிடைப்பதும் இரண்டு மூன்று நிமிடம்தான். தண்ணீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிரிக்கும் சவ்வு செய்கிறேன், அந்த ஆய்வகத்தில் அதைச் சோதிக்கும் கருவி இருக்கிறது, ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து இங்கே இன்ன வேலை செய்வேன். இந்த மூன்று வாக்கியத்தை உங்கள் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பழகுங்கள். மூன்றாவது வாக்கியம் முக்கியம், ஏனென்றால் ஜே-1-க்கு, திரும்ப வருவேன் என்று அவரை நம்பவைப்பது உங்கள் பொறுப்பு. நம்பாவிட்டால் 214(பி) என்று மறுத்துவிடுவார்கள்.

221(ஜி) என்று தாள் கொடுத்தால் கலங்காதீர்கள். அது கடைசி முடிவு இல்லை, மேல் விசாரணை. அணு, விண்வெளி, சில வேதியியல், உயிரியல் துறைகளில் அடிக்கடி வரும். சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும். சிவி, வெளியீட்டுப் பட்டியல், ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், பேராசிரியர் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் கேட்கிற அன்றே கொடுத்துவிடலாம். தாமதமானால் தொடக்கத் தேதியைத் தள்ளித் தரச் சொல்லி ஸ்பான்சரிடம் கேளுங்கள். ரத்து செய்ய முடியாத டிக்கெட் மட்டும் முதலில் எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, 2025 ஜூனிலிருந்து ஜே விண்ணப்பதாரர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டிஎஸ்-160-இல் ஐந்து வருடத்துக் கணக்குகளைக் கேட்பார்கள். ஒன்றை மறைத்து மாட்டிக்கொள்வதைவிட எல்லாவற்றையும் எழுதிவிடுவது நல்லது.

டொரண்டோ, விடுமுறைக்குத் திருவான்மியூரில்: எனக்கு எதிர்த் திசை. கனடியக் குடிமகள், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருக்கிறது. ரோஜா முத்தையா நூலகத்தில் ஆறு மாதம் ஆய்வு செய்யலாம்தானே?

உள்ளே வரலாம், தங்கலாம். ஆனால் ஆய்வு என்றால் ஓசிஐ மட்டும் போதாது, தனி அனுமதி வாங்க வேண்டும். 2021 மார்ச் அறிவிப்பில் ஆய்வு, பத்திரிகைப் பணி, மலையேற்றம் போன்றவற்றுக்கு இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். ஊருக்கு வந்த இடத்தில் நூலகத்தில் புத்தகம் புரட்டுவதுபோல இல்லை இது, பல்கலைக்கழகத் திட்டம் என்று பெயர் வைத்து வருகிறீர்கள் அல்லவா? ஓசிஐ இல்லாத உங்கள் தோழி வந்தால் ஆய்வு விசாவும், 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவும் வேண்டும். பதிவு ஆன்லைனில்தான்.

கிண்டி மறுபடியும்: அக்கா, கடைசியாக ஒன்று. அன்றைக்கு போனை எங்கே வைப்பது?

வீட்டில். உள்ளே போனும் பையும் விடமாட்டார்கள், வைத்துப் போக இடமும் தரமாட்டார்கள். ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கி நடந்து போங்கள். கூட யாராவது வந்தால் செம்மொழிப் பூங்காவில், பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில், காத்திருக்கச் சொல்லுங்கள். டிஎஸ்-2019-இல் கையெழுத்துப் போட்டாயா? போடவில்லையா? இதோ பேனா, இப்போதே போடு.